மெத்தைக்கு அடியில் ஒரு சிரிப்பு

காலை ஆறு இருபதுக்குக் குளியலறையில் சிவப்பு விளக்கு அணைந்தது.

கதவுக்கு வெளியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்ற தம்பி தொண்டையைச் செருமினான்.

"உள்ளே படங்க குளிச்சு முடிச்சாச்சா? அடுத்து மனுஷன் குளிக்கலாமா?"

"கடைசித் தண்ணி ஓடுது மாமா. அஞ்சே நிமிஷம்."

"ஒரு மாசமா இதே அஞ்சு நிமிஷம்தான். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கிட்ட நான் சொல்ற மாதிரியே சொல்றே."

சமையலறையில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த பல்லக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் தம்பி லிஃப்ட் மெக்கானிக். உலகத்தில் எது நடந்தாலும் அவனுக்கு லிஃப்டில்தான் உதாரணம் கிடைக்கும்.

பல்லக்கா என்பது அவளுக்குப் பல் செய்கிற லேபில் வைத்த பெயர். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவள் பீங்கான் பொடியைக் குழைத்து, தூரிகையால் அடுக்கி, சூளையில் சுட்டு, அந்த வாய்க்கு ஏற்ற பல்லாக்கித் திருப்பி அனுப்புவாள். பெயர் லேபிலிருந்து பஸ் ஏறி வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் போடுகிறவருக்கும் பல்லக்கா, கீழ்வீட்டு டீச்சருக்கும் பல்லக்கா.

கதவு திறந்தது. மகள் வெளியே வந்தாள். கையில் புளித்த மருந்து வாசனை. கண்ணுக்குக் கீழே கருப்பு. வயது இருபத்து நான்கு ஆகிறது, வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"நாலு மணிக்கு வேன் வருதும்மா. அதுக்குள்ள எல்லாம் ஆகணும்."

"ஆகும். முதல்ல இதைக் குடி."

நாளை மாலை கண்காட்சி. பாப்பாவின் முதல் புகைப்படக் கண்காட்சி. அதற்காகத்தான் ஒரு மாதமாக வீடு தலைகீழாகக் கிடக்கிறது. குளியலறை ஜன்னலுக்குக் கருப்புக் காகிதம் ஒட்டியாயிற்று. வாஷிங் மெஷின் மேல் படத்தைப் பெரிதாக்குகிற என்லார்ஜர் ஏறி உட்கார்ந்துகொண்டது. தொட்டியின் மேல் பலகை, பலகையின் மேல் மூன்று ட்ரே. துணி துவைக்கவும் பல் தேய்க்கவும் அவளிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"கடையில கொடுத்தா ஒரே நாள்ல போட்டுத் தருவானே" என்று தம்பி ஆரம்பத்தில் கேட்டான்.

"கொடுத்தா அது கடைக்காரன் படம் மாமா."

ஒரு முகத்துக்கு எவ்வளவு வெளிச்சம், சுவருக்கு எவ்வளவு இருட்டு என்பதை அவள் கைதான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். என்லார்ஜரின் ஒளிக்குக் கீழே கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டை ஆட்டிக்கொண்டே இருப்பாள். அட்டையின் நிழல் விழுந்த இடம் காகிதத்தில் வெளுப்பாக நிற்கும். ஒரு படம் போல இன்னொரு படம் வராது.

போன வாரம் வந்த தலைவலி வேறு. தடித்த காகிதம் காய்ந்ததும் குழாய் மாதிரி சுருண்டுகொண்டது. அகராதிகளை அடுக்கிப் பார்த்தார்கள், அடங்கவில்லை. கடைசியில் தம்பியின் மெத்தைக்கு அடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்தார்கள். ஒரே ராத்திரியில் தட்டையாகிவிட்டது.

"தொண்ணூறு கிலோ. இந்த ஊர்லயே இதைவிட நல்ல பிரஸ் கிடையாது" என்றாள் பாப்பா. அதை நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு தம்பி அன்றிலிருந்து குப்புறக்கூடப் படுப்பதில்லை.

படங்கள் எல்லாம் இந்த வீடுதான். ஒருவர் இல்லாத வீடு. கைப்பிடி தேய்ந்த நாற்காலி. சட்டை தொங்காத கொக்கி. கீழே பாப்பாவின் அப்பா டெலிவரி வேனை நிறுத்திவந்த இடத்தில் எத்தனை மழைக்கும் போகாத எண்ணெய்க் கறை. இரட்டைக் கட்டிலில் ஒரு பாதிக்கு மட்டும் விரிப்பைச் சரிசெய்கிற பல்லக்காவின் கை.

அந்தக் கட்டில் படத்துக்குச் சம்மதிக்க அவளுக்குப் பல நாள் ஆயிற்று. யாரையும் விடாத அறை அது. "நாம ரெண்டு பேரும் எப்படி இருந்தோம்னு காட்டறதுதான்மா. வேற எதுவும் இல்ல" என்றாள் பாப்பா. அந்த வார்த்தைக்காகப் பல்லக்கா கதவைத் திறந்தாள்.

அவர் வீட்டை விட்டுப் போய் ஏழு வருடம். சண்டை கிடையாது. சாப்பிட்டார், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார், போனார். மதியம் போனில் ஒரு வரி வந்தது. என்னைத் தேட வேண்டாம். அவ்வளவுதான்.

தேடினாள். மருத்துவமனை, காவல் நிலையம், வேன் ஓட்டுகிறவர்கள் கூடுகிற இடம் என்று ஒன்று விடாமல். பள்ளிச் சீருடையோடு பாப்பாவும் கூடவே வந்தாள். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் கால் ஓய்ந்து உட்கார்ந்திருந்தபோது பல்லக்கா சொன்னாள்.

"உனக்கு ஏதாவது தெரிஞ்சா எனக்குச் சொல்லணும். எனக்குத் தெரிஞ்சா உனக்குச் சொல்லுவேன். அன்னிக்கே. சரியா?"

"சரிம்மா" என்று பாப்பா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை நம்பித்தான் பல்லக்கா ஒரு கட்டத்தில் தேடுவதை நிறுத்தினாள்.

தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் பாப்பா சொன்னாள், "சின்னப் படங்களுக்கு மட்டும் புள்ளி வச்சுடும்மா. பெரிசை நான் பாத்துக்கறேன்."

கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவருக்கு ஒரே ஒரு பெரிய படம் வேண்டும் என்று கூடத்துக்காரி கேட்டிருந்தாள். நாற்காலிப் படத்தைப் பெரிதாகப் போடப்போவதாகப் பாப்பா சொல்லியிருந்தாள். பல்லக்கா லேபுக்குப் போயிருந்த நேரத்தில் போட்டும் முடித்துவிட்டாள். பல்லக்கா இன்னும் அதைப் பார்க்கவில்லை.

"நீயா புள்ளி வைக்கப்போறே? போன தடவை நீ வச்சது கொசுவை அடிச்ச மாதிரி இருந்துச்சு."

"அங்க போய் மெதுவா வச்சுக்கறேன்."

"எல்லாத்தையும் நான் வச்சுட்டு, நடுச்சுவர்ல இருக்கறதை மட்டும் கெடுக்கணுமா? கொண்டா இங்க."

"அம்மா. சொன்னா கேளேன்."

குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. தூக்கம் இல்லாத பெண், போகட்டும் என்று பல்லக்கா விட்டுவிட்டாள்.

கண்ணாடிகளை வாங்கிவர ஃப்ரேம் கடைக்குப் பாப்பா கிளம்பினாள். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்கு ஒரே கூட்டமா இருக்கும்மா. நின்னா உனக்குக் கால் வலிக்கும். மறுநாள் வா, நானே கூட்டிட்டுப் போய் ஒவ்வொண்ணா காட்டறேன்."

"அதான் நேத்தே சொல்லிட்டியே."

"மறந்துடுவியேன்னு சொன்னேன்."

*

ஜன்னலோரம் மேசை. பல்லக்கா பூதக்கண்ணாடியைத் தலையில் கட்டிக்கொண்டாள். லேபில் கட்டிக்கொள்வதுதான். தூரிகையும் லேபுத் தூரிகைதான். நுனியில் நாலு முடி நிற்கும்.

நெகட்டிவில் ஒரு தூசி இருந்தால் அது காகிதத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். அந்தப் புள்ளியைச் சுற்றியிருக்கிற சாம்பல் நிறத்தைப் பார்த்து, அதே சாம்பலைக் கலந்து, இழுக்காமல் தொட்டுத் தொட்டு அடைக்க வேண்டும். பாப்பாவுக்குப் பொறுமை வராத வேலை. பல்லக்காவுக்கு இது வேலையே இல்லை. பல்லில் அவள் பார்க்கிற ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் நடுவே நூறு வெள்ளை உண்டு.

கலந்த சாம்பலை நேராகப் படத்தில் வைக்க முடியாது. அதே காகிதத்தில் வேறெங்காவது வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் கழிவுத் துண்டுகள். முழுக் காகிதத்தை வீணாக்கும் முன் பாப்பா ஒரு பட்டையை வெட்டி, படத்தின் முக்கியமான இடத்தில் வைத்து, பகுதி பகுதியாக ஒளி காட்டிப் பார்ப்பாள். ஒரே பட்டையில் வெளுத்தது, சரியானது, கருத்தது எல்லாம் வந்துவிடும். எவ்வளவு ஒளி என்று தெரிந்ததும் பட்டை கழிவு.

நேற்று டப்பா காலி. "துண்டு இருந்தா போட்டு வைடா" என்று தம்பியிடம் சொல்லியிருந்தாள். போட்டு வைத்திருந்தான். டப்பா நிறைய.

கொக்கிப் படத்தை முடித்தாள். எண்ணெய்க் கறையை முடித்தாள். கட்டில் படத்தில் அவள் மணிக்கட்டின் மேலேயே ஒரு தூசி. அதற்குச் சாம்பல் கலந்து, டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்தாள்.

அதில் ஒரு வாய் இருந்தது.

மூக்குக்குக் கீழே தொடங்கி மோவாயில் முடிகிற பட்டை. சிரிக்கிற வாய். மேல் உதட்டுக்கு அடியில் பல்வரிசை. பட்டையின் இடது பக்கம் வெளுப்பு, வலது பக்கம் இருட்டு.

ஆள் யார் என்று யோசிக்கும் முன் பல்லைப் பார்த்தாள். பழக்கம். மேல்வரிசையில் நடுவுக்கு அடுத்தது உடைந்த பல்லின் மேல் பொருத்திய பீங்கான் கேப். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. ஓரத்தில் ஒரு மெல்லிய விரிசல்கோடு, நிஜப் பல்லில் இருப்பது போலவே வேண்டுமென்று போட்டது. அப்படிக் கோடு போடுகிற கிறுக்கு அந்த லேபில் ஒருத்திக்குத்தான்.

அவள் செய்த பல்.

வேன் கதவு மோதி அவருடைய பல் உடைந்தபோது, நிறம் பார்க்க இதே ஜன்னலோரம் அவரை உட்கார வைத்தாள். மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அவர் உதட்டுக்கு அருகே பிடித்தாள். கடைசியில் எது நிஜம், எது பீங்கான் என்று மருத்துவரே தடுமாறினார்.

இந்தத் துண்டில் தடுமாற ஒன்றுமில்லை. ஒரே அளவு ஒளி பட்ட பகுதிக்குள்ளேயே பக்கத்துப் பற்களைவிட அந்த ஒன்று மட்டும் வெளுப்பாக நின்றது.

பீங்கானுக்கு வயதாகாது. பக்கத்துப் பல்லுக்கு ஆகும். தேநீர், புகை, வருடங்கள். இவ்வளவு வித்தியாசம் வர நாலைந்து வருடமாவது வேண்டும். அவர் வீட்டை விட்டுப் போன அன்று இரண்டும் ஒரே நிறம்.

அப்படியானால் இது பழைய நெகட்டிவ் இல்லை.

தூரிகையைக் கழுவித் துடைத்து வைத்தாள். டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். இன்னொரு துண்டில் காது. காதுக்கு மேலே முடி வெள்ளையாக இருந்தது. இன்னொன்றில் கழுத்துப் பட்டியும் அவள் பார்த்தே இராத ஒரு ஜன்னல் சட்டமும். இத்தனை துண்டு போட்டிருக்கிறாள் என்றால் படம் பெரிது.

நாற்காலிப் படத்தைப் பெரிதாகப் போடவே இல்லை.

படங்களைக் காயப்போட்டிருந்த கொசுவலைச் சட்டங்களில் போய்ப் பார்த்தாள். சின்னப் படங்கள்தான். அப்புறம் பெரிய படத்தை எங்கே வைப்பார்கள் என்று அவளுக்கு உறைத்தது.

*

தம்பி இன்று லீவு. குளித்துவிட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் அவள் தன் அறைப் பக்கம் நடப்பதைப் பார்த்தான். கனத்த ஆள் அவ்வளவு வேகமாக எழுந்து அவள் பார்த்ததில்லை. அவளை முந்திக்கொண்டு உள்ளே போய் மெத்தையில் படுத்துவிட்டான்.

"என்னடா?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு அக்கா."

"இப்போதானே ஓடி வந்தே."

"ஓடினதுலதான் பிடிச்சுக்கிச்சு."

"எழுந்திரு."

அவன் கூரையைப் பார்த்தான்.

"எழுந்திருடா."

"இன்னும் படியல அக்கா" என்றான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

கையில் இருந்த துண்டை அவன் வயிற்றின் மேல் வைத்தாள். அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழுந்து நின்றான். மெத்தையின் ஒரு ஓரத்தை அவனே தூக்கிப் பிடித்தான்.

மேல் அட்டையை அவள் எடுத்தாள்.

ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ஜன்னல். நடுவே அவர். இளைத்திருந்தார். முடி முழுக்க வெள்ளை. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கண் சுருங்கி, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். மேசையில் மூன்று கோப்பைகள்.

பல்லக்கா அட்டையின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். தம்பி மெத்தையைப் பிடித்தபடி நின்றான்.

"எத்தனை நாளா இது மேல தூங்கறே?"

"முந்தாநேத்துல இருந்து."

"தூக்கம் வந்துச்சா?"

அவன் மெத்தையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"எங்க இருக்கார்?"

"நான் சர்வீஸ் பண்ற கட்டடம் ஒண்ணு. லிஃப்ட் கூண்டு மேல நின்னு எண்ணெய் போட்டுட்டிருந்தேன். உள்ளே யாரோ இருமினாங்க. அந்த இருமல் எனக்குத் தெரியாதா? மேல இருந்து பார்த்தா அத்தான் தலை."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"முதல்ல பாப்பாகிட்டதான் சொன்னேன் அக்கா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் அம்மாகிட்ட சொல்லிக்கறேன் மாமான்னா. சொல்லிட்டாள்னுதான் நினைச்சேன். சொல்லலன்னு தெரிஞ்சப்போ நேரம் தாண்டிப்போச்சு."

"நான் என்ன ரயிலாடா, நேரம் தாண்டிப்போக?"

தம்பி மூக்கை உறிஞ்சினான்.

"எந்தத் தெரு?"

அவன் தயங்கினான். "நீ லேபுக்குப் போற பஸ் அந்த வழியாத்தான் போகும்."

தினமும் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் சந்தோஷப்படுவாள். அந்தச் சந்தோஷத்தை நினைத்து இப்போது அவளுக்குக் கூசியது.

"கூட யார் இருக்காங்க?"

"யாரும் இல்ல."

"என்கிட்ட மறைக்காதே. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"சத்தியமா யாரும் இல்ல அக்கா. தனியாத்தான் இருக்கார். ஒரு ரூம், ஒரு அடுப்பு. அதனாலதான் சொல்ல முடியல. யாராவது கூட இருந்திருந்தா எப்பவோ வந்து சொல்லியிருப்பேன்."

பல்லக்கா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் மூக்கொழுகிக்கொண்டு தன் பின்னால் வந்தவன். முட்டாள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இந்த வீட்டில் அவளைச் சரியாகப் புரிந்துகொண்டவன் அவன்தான் போலிருந்தது. புரிந்துகொண்டுதான் ஏமாற்றியிருக்கிறான்.

"இந்தத் துண்டுகளை ஏன்டா டப்பாவில போட்டே?"

"நீதானே துண்டு வேணும்னே." என்றான் அவன். "பாப்பா வெளிய போடச் சொன்னா. நல்ல காகிதமா இருக்கேன்னு நான்தான். வாயை யாரு பார்க்கப்போறா, முகம் இருந்தாத்தானே தெரியும்னு நினைச்சேன்."

"வாயை நான் பார்ப்பேன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் படத்தை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு ஜன்னல் மேசைக்குப் போனாள்.

*

பாப்பா கண்ணாடிக் கட்டை அணைத்துக்கொண்டு வந்தபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. காலால் கதவைத் தள்ளித் திறந்தாள். மேசையில் பெரிய படம் விரிந்து கிடந்தது. நாலு மூலையிலும் சாம்பல் மை கலந்த நாலு கிண்ணம் பாரத்துக்கு வைத்திருந்தது.

"அம்மா."

"கண்ணாடியை மெல்ல வை. உடைஞ்சுடப்போகுது."

பாப்பா சுவரோரம் சாய்த்து வைத்தாள். சத்தமே வரவில்லை. அறை வாசலில் தம்பி. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

"நாற்காலியை எப்போ எடுத்தே?" என்றாள் பல்லக்கா.

"எந்த..."

"அந்த நாற்காலி. கைப்பிடியில வெளிச்சம் விழட்டும்னு காலையிலேயே ஸ்கிரீனைத் தூக்கிக் கட்டினியே."

"போன வருஷம்."

"அப்போ அவர் எங்க உட்கார்ந்திருக்கார்னு உனக்குத் தெரியும்."

பாப்பா உதட்டைக் கடித்தாள். "தெரியும்."

"முந்தின நாள்கூடப் போய்ப் பார்த்துட்டு வந்திருப்பே."

பாப்பா செருப்பைக் கழற்றினாள்.

"கட்டில்ல என் கையை எடுத்தே. அன்னிக்கு அழுதுட்டேன். நீ கேமராவைக் கீழ வைக்கல. படம் எடுக்கிறவ அப்படித்தான் இருக்கணும் போலன்னு நினைச்சேன். என் பொண்ணு பெரிய ஆளா வருவான்னு நினைச்சேன்."

"அந்த அழுகை பொய் இல்லையேம்மா."

"என்னுது பொய் இல்ல."

தம்பி "அக்கா" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"அவர் கேட்டுக்கிட்டார்மா." பாப்பா வேகமாகப் பேசினாள், ஒத்திகை பார்த்து வைத்திருந்த மாதிரி. "அம்மாவுக்குத் தெரிஞ்சா மறுநாளே வேற ஊருக்குப் போயிடுவேன்னார். உன் மேல கோபம் எல்லாம் இல்ல. உன் முகத்தைப் பார்க்க முடியாதுன்னார். நான் என்ன பண்றது? இன்னொரு தடவை அவரைத் தேடி அலைய என்னால முடியாது. ஸ்கூல் யூனிஃபார்மோட பிணவறை வாசல்ல நின்னவம்மா நான்."

"பக்கத்துல யாரு நின்னா?"

பாப்பா மாமாவைப் பார்த்தாள்.

"சொல்லு. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு யாரு நின்னா?"

"நீ."

"அன்னிக்கேன்னு சொன்னோம்."

"சொன்னோம்."

கீழ்வீட்டில் டீச்சர் மிக்ஸியைப் போட்டாள். அது நிற்கும்வரை மூவரும் நின்றார்கள்.

"இந்தப் படம் இல்லாம மத்த படங்களுக்கு அர்த்தமே இல்லம்மா" என்றாள் பாப்பா. "இத்தனை காலியிடத்தைப் பார்த்துட்டு வர்றவங்க, நடுச்சுவர்ல இந்த ஆளைப் பார்க்கணும். இருக்கார், சிரிக்கிறார்னு பார்க்கணும். உன்கிட்ட சொல்லத்தான் இருந்தேன். மறுநாள் உன்னைக் கூட்டிட்டுப் போய், அங்க வச்சு..."

நிறுத்திவிட்டாள். ஆனால் பல்லக்கா அதற்குள் அதைப் பிடித்துவிட்டாள்.

"நாளைக்கு அவர் வர்றாரா?"

பாப்பா கண்ணாடிக் கட்டைப் பார்த்தாள்.

"வர்றார்" என்றான் தம்பி வாசலில் இருந்து.

"அதான் நாளைக்கு எனக்குக் கால் வலிக்கும்."

*

பல்லக்கா பூதக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டாள்.

பாப்பா ஒரு அடி முன்னே வந்து நின்றாள். பெரிய காகிதம் இனி இல்லை. இதுதான் கடைசித் தாள். தூசி நாலைந்து இடத்தில் விழுந்திருந்தது. ஜன்னல் சட்டத்தில், சட்டைத் தோளில், நெற்றியில், கண்ணோரத்தில். மூலைக் கிண்ணம் ஒன்றில் கெட்டிக் கருப்பு நிரம்பியிருந்தது. முழங்கை லேசாகப் பட்டாலே போதும்.

பாப்பாவும் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்த்தாள்.

பல்லக்கா கிண்ணத்தை நகர்த்திப் பத்திரமான தூரத்தில் வைத்தாள். தூரிகையை நனைத்தாள். இருப்பதிலேயே வெளிறிய சாம்பலில் ஆரம்பித்தாள். சட்டத்துத் தூசி மறைந்தது. தோள் மறைந்தது.

நெற்றிக்கு வந்தபோது குனிய வேண்டியிருந்தது. கண்ணாடிக்குள் அவர் முகம் பெரிதாக வந்தது. புதுச் சுருக்கங்கள். எங்கேயோ வெட்டிக்கொண்ட ஒரு சின்னத் தழும்பு. அதற்கு யார் மருந்து போட்டிருப்பார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. ஓடவிட்டாள். கை ஆடவில்லை. வேலையில் அவள் கை ஆடியதே கிடையாது.

"தேங்க்ஸ்மா" என்றாள் பாப்பா மெல்ல.

"படத்துக்குச் செய்யறேன். உனக்கு இல்ல."

கண்ணோரத்துப் புள்ளி மட்டும் பாக்கி. சிரிப்பில் மடிந்த தோலின் நடுவே அது விழுந்திருந்தது. அந்த மடிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இந்த மனிதர் கேமரா முன்னால் சிரிக்க மாட்டார். கல்யாணப் படத்திலேயே உதட்டை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்பார். மருத்துவமனை மருத்துவமனையாக அவள் எடுத்துப் போய்க் காட்டிய படத்திலும் வாய் மூடித்தான் இருந்தது. அவரை இப்படிச் சிரிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

"எதுக்குச் சிரிக்கிறார்?"

"ஞாபகம் இல்லம்மா" என்றாள் பாப்பா. பதில் சட்டென்று வந்தது.

பல்லக்கா தலையைத் தூக்கினாள். மேசையில் இருந்த மூன்று கோப்பைகளை நினைத்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்தாள்.

"நீயும் அங்க இருந்தே."

"வெளிச்சத்துக்கு வெள்ளை விரிப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்" என்றான் தம்பி. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். அவன் காது சிவந்திருந்தது.

கீழே வேன் ஹாரன் அடித்தது. மறுபடி அடித்தது.

பாப்பாவுக்கு ஒரு வித்தை உண்டு. யாரை வேண்டுமானாலும் அப்படியே பேசிக் காட்டுவாள். அவர் போன புதிதில், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோறு இறங்காமல் இருந்த நாட்களில், லேப் முதலாளி மாதிரியும் கீழ்வீட்டு டீச்சர் மாதிரியும் பேசிக் காட்டியே அம்மாவைச் சாப்பிட வைத்தவள் அவள். அந்தச் சிரிப்புதான் பல்லக்காவை அந்த வருடத்தைத் தாண்ட வைத்தது.

தூரிகை நுனியில் சாம்பல் துளி தயாராக நின்றது. அவள் அதைப் படத்துக்கு மேலே பிடித்தபடி மகளைப் பார்த்தாள்.

"என்னை மாதிரி நடிச்சுக் காட்டினியா, பாப்பா?"